‘எல்லாரும் வந்தாச்சா?’: மூர் நிலத்தில் ஒரு நடை, வழியில் நாலு பப்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் ரயில், ஈடேல் என்ற சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது. முதுகில் பை, காலில் கனமான பூட்ஸ், கையில் மடித்த மேப் சகிதம் கும்பல் கும்பலாக இறங்குகிறார்கள். கல்லூரி நண்பர்கள், ஆபீஸ் தோழிகள், ஓய்வுபெற்ற தாத்தாக்கள், கூடவே நாய்கள்.

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட்டில் இது வாராவாரம் நடக்கும் காட்சி. ஏதாவது ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைப் பின்தொடர்ந்தால் போதும், மற்ற எல்லாக் குழுக்களின் கதையும் தெரிந்துவிடும். கிளம்பும் இடம் ஒரு பப், போய்ச் சேரும் இடமும் ஒரு பப். நடுவில் ஒரு மலை.

பப் என்றதும் இருட்டறை, கலர் விளக்கு, காதைக் கிழிக்கும் பாட்டு என்று கற்பனை செய்ய வேண்டாம். ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான் பப். மலைப் பாதையில் இருப்பவை பெரும்பாலும் பழைய சத்திரங்கள். கணப்பில் நெருப்பு எரியும். சூப், பை, டீ எல்லாம் கிடைக்கும். குழந்தைகள் ஒரு மேஜையில் சீட்டு விளையாடுவார்கள், நனைந்த நாய் காலடியில் தூங்கும். ஈடேலின் ‘ஓல்டு நாக்ஸ் ஹெட்’ கட்டடம் 1577-ம் ஆண்டைச் சேர்ந்தது. 431 கிலோமீட்டர் நீளமுள்ள ‘பென்னைன் வே’ நடைபாதை தொடங்குவதே அதன் வாசலில்தான்.

வாசலை விட்டு ஒரு மணி நேரம் ஏறினால் ஊர், மரம், வேலி எல்லாம் மறைந்துவிடும். மேலே இருப்பது மூர். மரமே இல்லாத மேட்டு நிலம், பார்த்த இடமெல்லாம் ‘ஹெதர்’ புதர். ஆகஸ்ட் மாதத்தில் அது பூத்தால் மலையே ஊதா நிறமாகிவிடும். காலுக்குக் கீழே ‘பீட்’ எனும் கரிய மண். செத்த செடிகள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்து உருவான மண் அது. தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாசி அதன் மேல் வளர்கிறது. பச்சைக் கம்பளம்போல இருக்கிறதே என்று கால் வைத்தால், முழங்கால் வரை உள்ளே போகும்.

அந்த மண்ணை நீர் அறுத்து, ஆளுயரப் பள்ளங்களாக ஆக்கியிருக்கிறது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் திசை தெரியாது. பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் பத்தடி முன்னால் போகும் நண்பரின் சிவப்புப் பைகூடக் கண்ணுக்குத் தெரியாது. கின்டர் ஸ்கவுட் என்ற இந்த மலையின் உயரம் 636 மீட்டர்தான். எண்ணைக் கேட்டால் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

ஈரம் அதிகமான இடங்களில் பென்னைன் வே பாதைக்குப் பெரிய கற்பலகைகள் போட்டிருக்கிறார்கள். பழைய நூற்பாலைகளை இடித்தபோது கிடைத்த தரைக்கற்களும் அவற்றில் உண்டு. ஆலைக்குள் தொழிலாளிகள் மிதித்த கல்லை இன்று மலை மேல் நடப்பவர்கள் மிதிக்கிறார்கள்.

அந்தத் தொழிலாளிகளுக்கு இந்த மலை எளிதில் கிடைத்துவிடவில்லை. அப்போது கின்டர் டெவன்ஷைர் பிரபுவின் சொத்து, பறவை வேட்டைக்கான இடம். 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் பின்னால் சுமார் 400 பேர் ஹேஃபீல்டிலிருந்து அத்துமீறி மலை ஏறினார்கள். காவலாட்களோடு தள்ளுமுள்ளு. அத்துமீறி நடப்பது மட்டும் சிறைக்குரிய குற்றமாகாது என்பதால், கலகம் செய்ததாக வழக்குப் போட்டு ஐந்து பேரை உள்ளே தள்ளினார்கள். 1951-ல் இந்தப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. மூர் நிலங்களில் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் வந்தது 2000-ல். 2002-ல், அந்தப் பிரபுவின் பேரன், அவரும் டெவன்ஷைர் பிரபுதான், மக்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார்.

உரிமை கிடைத்துவிட்டது. ஆனால், பத்திரமாகத் திரும்பி வருவது இன்னொரு பாடம். அதற்கு இங்கே கொடுத்த விலை மிகப் பெரியது.

‘ஃபோர் இன்ஸ்’ என்றொரு நடை உண்டு. பெயருக்கு ‘நான்கு சத்திரங்கள்’ என்று பொருள். டெர்பிஷைர் சாரணர்கள் 1957-ல் தொடங்கியது. ஹோம்பிரிட்ஜில் புறப்பட்டு, பிளாக் ஹில், பிளீக்லோ, கின்டர் என்று மூர் மேல் மூர் ஏறி பக்ஸ்டனில் முடியும். சுமார் 40 மைல். வழியில் நான்கு சத்திரங்கள்: ஐல் ஆஃப் ஸ்கை, ஸ்னேக், நாக்ஸ் ஹெட், கேட் அண்ட் ஃபிடில். (ஸ்னேக் என்ற பெயர் வளைந்து வளைந்து போகும் ரோட்டால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெவன்ஷைர் பிரபு குடும்பச் சின்னத்தில் உள்ள பாம்பு அது!)

1964 மார்ச் 14, சனிக்கிழமை. சின்னச் சின்னக் குழுக்களாக 240 பேர் கிளம்பினார்கள். எல்லாரும் இளைஞர்கள், நடந்து பழகியவர்கள். நடுவில் வானிலை மாறியது. விடாத மழை, ஆளைத் தள்ளும் காற்று, எலும்பைத் துளைக்கும் குளிர். சாதாரண நாளில் தாண்டிப் போகும் ஓடைகள் இடுப்பளவு வெள்ளமாயின. இன்று கடையில் கிடைக்கும் இலகுவான மழைச்சட்டை அன்று இல்லை. கையில் போன் கிடையாது. கடைசி வரை நடந்து முடித்தவர்கள் 22 பேர் மட்டுமே.

மூன்று பேர் திரும்பி வரவே இல்லை. மூவரும் ரோவர் சாரணர்கள், வாலிப வயதினர். அவர்களைத் தேட எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். மனசு இருந்தது, ஒருங்கிணைப்பு இல்லை. யார் எந்தப் பள்ளத்தைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆளில்லை. தேடல் நாட்கணக்கில் நீண்டது.

அந்த வருடமே பீக் டிஸ்ட்ரிக்ட் மலை மீட்பு அமைப்பு உருவானது. இன்று அதன்கீழ் ஏழு குழுக்கள் இயங்குகின்றன. உறுப்பினர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். டீச்சர், பிளம்பர், நர்ஸ் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் கிளம்பிவிடுவார்கள். காசு வாங்குவதில்லை.

குளிர் ஆளைக் கொல்லும் விதம் விசித்திரமானது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதற்குப் பெயர் ‘ஹைப்போதெர்மியா’. பனி கொட்ட வேண்டும் என்றில்லை, நனைந்த உடையும் காற்றும் போதும். கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று அமைதியாவார். கால் தடுமாறும். வார்த்தை குழறும். ‘எனக்கு ஒண்ணுமில்லை, நீங்க போங்க’ என்று எரிந்து விழுவார். தனக்கு என்ன ஆகிறது என்பது அவருக்கே தெரியாது, பக்கத்தில் நடப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

கூட்டமாகப் போவதன் அர்த்தமே அதுதான். விவரமான குழுக்களில் வேகத்தைத் தீர்மானிப்பவர் மெதுவாக நடக்கும் நபர். அனுபவசாலி ஒருவர் வாலாகக் கடைசியில் வருவார். நடை நேரத்துக்கு நெய்ஸ்மித் என்பவர் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. 15 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் நான்கு மணி நேரம். இதில் போட்டோ எடுக்க நிற்பதும் சாண்ட்விச் சாப்பிடுவதும் சேர்த்தி இல்லை. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், இந்தக் கணக்கு தப்பினால் மூர் மேல்தான் ராத்திரி.

வழியில் பப் இருக்கிறதே, ஒரு ரவுண்டு போட்டால் உடம்பு சூடாகிவிடும் என்று நினைப்பது இன்னொரு தப்புக் கணக்கு. மது தோலுக்கு அடியில் உள்ள ரத்த நாளங்களை விரிய வைக்கும். அதனால் சூடுபோலத் தோன்றும். உண்மையில் உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நிதானமும் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் நடுவழிச் சத்திரத்தில் சூப்போ டீயோ குடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பீர் குடிப்பவர்களும் அதை மலை இறங்கிய பிறகே தொடுவார்கள்.

பென்னைன் வே ஓரத்தில் யார்க்‌ஷைரில் இருக்கிறது ‘டான் ஹில் இன்’. 528 மீட்டர் உயரத்தில், பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் உள்ள பப். 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஒயாசிஸ் இசைக்குழுவின் பாடல்களைப் பாட ‘நோயாசிஸ்’ என்ற குழு அங்கே வந்திருந்தது. ஆர்வென் புயல் அடித்தது. பனி கதவையே மூடி நின்றது. உள்ளே 61 பேர்!

மூன்று இரவுகள் கிட்டத்தட்ட எல்லாரும் அங்கேயேதான். தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள், வினாடி வினா நடத்தினார்கள், பாடினார்கள். முதல் நாள் வரை ஒருவரையொருவர் தெரியாதவர்கள், திங்கட்கிழமை பாதை திறந்தபோது நண்பர்களாகப் பிரிந்தார்கள். உலகமே சிரித்து ரசித்த செய்தி அது. மூரின் நடுவில் ஒரு கூரை இருந்ததால் அது சிரிப்புச் செய்தியானது.

இந்தக் கூரைகள் எப்போதும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நான்கில் ஐல் ஆஃப் ஸ்கை எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. கேட் அண்ட் ஃபிடில் 2015-ல் மூடப்பட்டு, சில வருடங்களுக்குப் பிறகு விஸ்கி தயாரிப்புக்கூடமாக உயிர் பெற்றது.

ஈடேலில் கிளம்பிய நம் ஆறு பேர் கின்டர் உச்சியைச் சுற்றி, மேற்குக் காற்றில் தண்ணீர் மேல்நோக்கிச் சிதறும் கின்டர் டவுன்ஃபால் அருவியைப் பார்த்துவிட்டு, அன்று 400 பேர் ஏறிய வில்லியம் கிளாஃப் பள்ளத்தாக்கு வழியாக ஹேஃபீல்டில் இறங்குகிறார்கள். பப் ஜன்னலில் விளக்கு தெரிகிறது. முன்னால் வந்தவர் கதவில் கை வைத்தபடி திரும்பி எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தன்னையும் சேர்த்தால் ஐந்து.

யாரும் உள்ளே போகவில்லை. இரண்டு பேர் பையை இறக்கிவைத்துவிட்டு வந்த பாதையில் டார்ச் அடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வளைவில் ஒரு உருவம், ஒற்றைக் காலைத் தாங்கித் தாங்கி வருகிறது. கொப்புளமாம். ஒருவர் ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் போனை எடுத்து, காலையில் பாதையும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வீட்டுக்கு மெசேஜ் தட்டுகிறார்: ‘ஆறு பேரும் இறங்கியாச்சு.’