பாறையை வேகவைக்காதீர்கள்

மரைன் தொட்டியைக் கலைப்பவர்களிடமிருந்து லைவ் ராக் வாங்குவதை இவ்விதழ் முழுமனதோடு ஆதரிக்கிறது. ஃபிஜி அரசு 2018-இல் ஏற்றுமதியை நிறுத்தியபின் நல்ல இயற்கைப் பாறை கிடைப்பது அரிதாகிவிட்டது. தொட்டியில் இருக்கும் பாறை கைமாறினால் கடலிலிருந்து எடுப்பது அந்த அளவுக்காவது குறையும். ஆனால், வாங்கிய கையோடு அதை அடுப்பில் ஏற்றும் பழக்கத்தை இன்றே விட்டாக வேண்டும்.

கொதிநீரில் ஐப்டேசியாவும் முள்புழுவும் சாகும் என்பது உண்மைதான். ஆனால் பாறை இடுக்கில் பாலித்தோவா, சோவாந்தஸ் போன்ற பொத்தான் பாலிப்புகள் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆவியோடு கிளம்பும் நுண்துளிகளில் ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் அது விடாது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது; உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் கூடப் போக நேர்ந்தது. உலர்ந்த பாலிப்பைப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் ஆபத்துதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீருக்குள் வைத்தே வேலை செய்யுங்கள்.

கடல்நீரில் மூழ்கியபடியே வந்து சேர்ந்த பாறை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். தனி டிரம்மில் 1.025 அடர்த்தி உப்புநீர், 25-26 டிகிரி வெப்பம், நல்ல பவர்ஹெட், விளக்கு வேண்டாம். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்ஜியத்தில் நிலைக்கும்வரை பொறுத்திருங்கள். வெள்ளையாக அழுகும் ஸ்பாஞ்சை அவ்வப்போது கிள்ளி எடுங்கள். இருட்டில் பாசி சோர்ந்துபோகும். ஐப்டேசியா அவ்வளவு எளிதில் போகாது. தொட்டவுடன் துளைக்குள் சுருங்கும் அந்தப் பழுப்புப் பூவைப் பிய்க்காதீர்கள், மிஞ்சும் துணுக்கிலிருந்தே அது மறுபடி முளைக்கும்.

மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த பாறைக்கு வேறு வழி. பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி, தயோசல்ஃபேட்டால் குளோரினை முறிக்கலாம். அதனால் கரிமக் கழிவு போகும், ஃபாஸ்ஃபேட் போகாது. சுண்ணாம்புக் கல்லில் அது பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. புது உப்புநீரில் போட்ட அன்று டெஸ்ட் கிட்டில் நிறமே தெரியாது. சில நாளில் குப்பி நீலமாகும். நீரை மாற்றினால் தெளிந்து, பிறகு மறுபடியும் நீலமாகும். முடிப்பாசி வந்தபின் உப்பையும் விளக்கையும் குறை சொல்கிறவர்கள் பலர், பாறையைச் சந்தேகிப்பவர்கள் சிலரே. நீர்த்த மியூரியாட்டிக் அமிலத்தில் மேலடுக்கைக் கரைப்பதும், லாந்தனம் குளோரைடு சேர்த்து வீழ்படிவாக்குவதும் பலன் தரும். இரண்டையும் திறந்தவெளியில், தொட்டிக்கு வெளியேதான் செய்ய வேண்டும். அமிலமும் பிளீச்சும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

செம்பு மருந்து போட்ட தொட்டியின் பாறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். படிந்த செம்பு கசிந்து இறாலையும் நத்தையையும் கொல்லும்.

நம் நாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. கடினப் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பாறையைக் கடைக்காரர் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. எங்கே வாங்கியது, எத்தனை ஆண்டு ஓடிய தொட்டி, என்ன மருந்து போட்டது, கடைசி ஃபாஸ்ஃபேட் அளவு என்ன, பாலிப்பு இருந்ததா: இந்த ஐந்தையும் எழுதிப் பெட்டியோடு கொடுக்கும்படி விற்பனையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.