அட்டையை ஏன் மறைக்கிறீர்கள்?

சமீபத்தில் ஒரு ரயில் பயணம். எதிர் சீட்டுப் பெண்மணி ஓர் ஆங்கில நாவலுக்கு பிரவுன் பேப்பர் அட்டை போட்டுப் படித்துக்கொண்டிருந்தார், ஸ்கூல் பிள்ளைகள் நோட்டுக்குப் போடுவது மாதிரி. பக்கத்தில் ஒருவர் டாம் க்ளான்சியை ஊருக்கே தெரிகிற மாதிரி விரித்துவைத்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். இறங்கும் அவசரத்தில் பேப்பர் நழுவியது. உள்ளே சூசன் ப்ராக்மன். எனக்குக் கோபம் அந்த பிரவுன் பேப்பர் மேல்தான்.

ப்ராக்மன் அமெரிக்கர். கடற்படையின் 'சீல்' கமாண்டோ, காதல், வெடிகுண்டு மூன்றையும் ஒரே வாணலியில் போட்டுக் கிண்டுகிறவர். 2000-ல் வந்த 'தி அன்சங் ஹீரோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு லீவில் ஊருக்கு வரும் டாம் பவொலெட்டி, செத்துப்போய்விட்டதாக எல்லோரும் நம்பும் ஒரு பயங்கரவாதியைப் பார்த்துவிடுகிறான். யாரும் நம்பவில்லை. மண்டையில் அடிபட்டவன் பேச்சை யார் நம்புவார்கள்? அவனுக்கே சந்தேகம்! நடுவில் டாக்டர் கெல்லியோடு பழைய காதல் துளிர்க்கிறது. அவள் அப்பாவுக்கும் டாமின் தாத்தா முறைக்காரர் ஒருவருக்கும் இடையே இரண்டாம் உலகப்போர் காலத்து ஃபிரான்ஸில் ஒரே பெண்ணை நேசித்த பழைய கணக்கு. இது போதாதென்று காமிக்ஸ் வரைகிற ஒரு பையனுக்குத் தனியாக ஒரு காதல்.

நம்புகிற மாதிரி இருக்கிறதா? துளிகூட இல்லை. ராத்திரி ஒன்றரை மணிவரை படித்தேன்.

'குப்பை சார், நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?' என்கிறார் என் இலக்கிய நண்பர். சரி, ஜேம்ஸ் பாண்ட் மட்டும் நடக்குமா? 1961-ல் 'லைஃப்' பத்திரிகை வெளியிட்ட கென்னடியின் அபிமானப் புத்தகப் பட்டியலில் பாண்ட் நாவல் ஒன்றும் இருந்தது. அதற்காக அவரை யாரும் வெட்கப்படச் சொல்லவில்லை. க்ளான்சி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கடற்படையில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. 1984-ல் அவர் எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் கதையை ரீகனே புகழ்ந்தார். ஆம்பளை படித்தால் 'த்ரில்லர்', பொம்பளை படித்தால் 'குப்பை'. இது என்ன நியாயம்?

'முடிவுதான் முன்னாடியே தெரியுமே' என்பது அடுத்த குற்றச்சாட்டு. தெரியும். காதலர்கள் சேருவார்கள், இந்த வகைக் கதைக்கு அதுதான் ஒப்பந்தம். கடைசிப் பக்கத்தில் பாண்ட் செத்துப்போவாரோ என்று நீங்கள் எந்தப் படத்துக்கு நகம் கடித்துக்கொண்டு போனீர்கள்? (கடைசியாக வந்த ஒரு படத்தைச் சொல்லி மடக்காதீர்கள். அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை.)

உண்மையில், இந்த நாவல்களில் பெரிய கற்பனை வெடிகுண்டு சமாச்சாரமே இல்லை. கலிஃபோர்னியாவின் கொரனாடோவில் சீல் பயிற்சியின் 'நரக வாரம்' ஐந்தரை நாள். மொத்தத்துக்கும் சேர்த்துச் சுமார் நாலு மணி நேரத் தூக்கம். அது நிஜம். அத்தனையும் தாங்கிய ஒருத்தன் வீட்டுக்கு வந்து, 'உனக்கு என்ன பயம், சொல்லு' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான் பாருங்கள், அதுதான் கற்பனை! அதற்காகத்தான் இத்தனை பெண்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சிரிப்பதற்கு முன்னால் ஆண்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

குறையே இல்லையா? இருக்கிறது, நண்பர் சொல்லாத குறை. கஸ்பெகிஸ்தான் என்று ஒரு நாட்டை ப்ராக்மன் கண்டுபிடித்துவைத்திருக்கிறார். பயங்கரவாதிகளை உற்பத்தி செய்ய வசதியான, மேப்பில் இல்லாத நாடு. அமெரிக்க வீரனுக்குக் குடும்பம், குழந்தைப் பருவம், தூக்கம் வராத ராத்திரி எல்லாம் உண்டு. சுடப்படுகிற பல பேருக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் நிஜமாகவே ஆட்கள் செத்துக்கொண்டிருந்த வருடங்களில் வந்த புத்தகங்கள் இவை. அங்கே எனக்கு நாக்கில் கசக்கத்தான் செய்தது. திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள், முத்தத்துக்குத் திட்டாதீர்கள்.

அதே ப்ராக்மன்தான் ஜூல்ஸ் காஸிடி என்ற எஃப்.பி.ஐ. அதிகாரியையும் படைத்தார். ஜூல்ஸ் ஆணை நேசிக்கும் ஆண். நகைச்சுவைக்கான துணைப் பாத்திரமல்ல, நிமிர்ந்து நிற்கிற ஹீரோ. 2007-ல் 'ஆல் த்ரூ தி நைட்' நாவலில் அவருக்குக் கல்யாணமே நடத்திவைத்தார். தன்பால் விருப்பத்தை வெளியே சொன்னால் அமெரிக்க ராணுவத்தில் வேலை போய்விடும் என்ற சட்டம் அப்போது அமலில் இருந்தது. 2011-ல்தான் ஒழிந்தது. மளிகைக் கடை ஸ்டாண்டில்கூடக் கிடைக்கும் பாக்கெட் சைஸ் காதல் நாவலில் இதைச் செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும்! கனமான இலக்கியம் எழுதுகிறவர்களுக்குத்தான் தைரியம் உண்டு என்று யார் சொன்னது?

படிப்பதென்றால் 'அன்சங் ஹீரோ'வில் ஆரம்பியுங்கள். டெக்ஸஸ்காரன் சாம் ஸ்டாரட், குறி தப்பாத அலிஸா லாக் ஜோடிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆறாவது புத்தகத்தில்தான் சேருகிறார்கள். பிரவுன் பேப்பர் தேவைப்படாது.