சிரமம் வைக்காத பிள்ளைகள்

"அம்மாவுக்கு ஒரு சிரமமும் வைக்கவில்லை." உழவர்கரையில் வீடு மாறிய குடும்பங்களைச் சந்திக்கும்போது அடிக்கடி செவியில் விழும் வாக்கியம் இது. சற்றுப் பெருமிதத்தோடுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு குடும்பத்தில் நடந்ததை விசாரித்தேன். தாயை மகளோடு வேளாங்கண்ணிக்கு அனுப்பிவிட்டு, மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்தார்களாம். வேண்டாதவை என்று தங்களுக்குத் தோன்றியவற்றைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டார்களாம். யாத்திரை முடிந்து திரும்பியவரைப் புது வீட்டு வாசலில் இறக்கினார்களாம். அன்றிரவு அந்தத் தாய் கேட்டாராம்: "நம் வீட்டுக்கு எப்போது போவோம்?"

இதைக் கொடுமை என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலியை விடாதவர்கள். ஆயினும் சொல்கிறேன்: அந்தத் தாயிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது சிரமத்தை அன்று; முடிவெடுக்கும் உரிமையை.

முதியோர் வீடு மாறவே கூடாது என்பது என் வாதமன்று. பெயரிலேயே உழவரைச் சுமக்கும் இவ்வூர், நகரத்தின் விரிவைத் தாங்கித் தாங்கி உருமாறிவிட்டது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2 லட்சத்தைச் சற்றே கடந்திருந்த உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை, 2011-இல் 3 லட்சத்தைத் தொட்டது. திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டன. பாகப்பிரிவினை, ஒழுகும் கூரை, ஏற முடியாத படி, தனிமை என மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. என் சினமெல்லாம் மாற்றும் விதத்தின்மேல்.

முதுமையில் இடம் பெயர்வோருக்கு நேரும் குழப்பம், உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, எவரோடும் பேசாது ஒடுங்குதல் ஆகியவற்றை 1992-இல் வட அமெரிக்கச் செவிலியர் நோயறிதல் சங்கம் தனியொரு நிலையாகவே தன் பட்டியலில் சேர்த்தது. நம் வீடுகளிலோ அதற்கு வேறு பெயர்: "வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது."

விவிலியத்தில் ஒரு முதியவரின் வீடு மாற்றம் உண்டு. தொடக்கநூல் 45 முதல் 47 வரையுள்ள அதிகாரங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். 130 வயது யாக்கோபு கானானை விட்டு எகிப்துக்குப் போகிறார். அழைப்பும் வண்டியும் வந்தன. போவது என்ற முடிவு அவர் வாயிலிருந்தே பிறந்தது. வழியில் பெயேர்செபாவில் நின்று பலி செலுத்தினார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. மகன் யோசேப்பு ஓர் அரசின் ஆளுநர். எனினும் தன் தேரைப் பூட்டிக்கொண்டு கோசேன்வரை எதிர்கொண்டு வந்தார். இவற்றைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. உங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எகிப்தின் சிறந்தவையெல்லாம் உங்களுக்கே என்று பார்வோன் தாராளமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அப்படியிருந்தும் அந்தக் குடும்பம் தன் மந்தைகளையும் கானானில் ஈட்டிய உடைமைகளையும் உடன் கொண்டே சென்றது. பார்வோனின் தாராளம் இன்றைய பிள்ளைகளின் நாவிலும் உண்டு: "அந்தப் பழைய பெட்டி எதற்கம்மா? புதிதாக வாங்கித் தருகிறோம்."

அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். தினம் ஒரு பெட்டி, ஓர் அலமாரி என்று ஒரு மாதம் ஆகட்டுமே! எது வரவேண்டும், எது மகளுக்கு, எது பக்கத்து வீட்டுக்கு என்பதை அவர் கையாலேயே பிரிக்கட்டும். புது வீட்டை முன்கூட்டியே இரண்டு மூன்று முறை காட்டுங்கள். கட்டில் பழைய வீட்டில் எந்தப் பக்கம் கிடந்ததோ, கூடியவரை அதே பக்கம் கிடக்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். பழைய பழக்கத்தில் இருட்டில் எழுந்து நடந்து, இல்லாத கதவைத் தேடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஜிப்மரில் வரிசையில் நிற்கப்போவது நாம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வீடு மாற்றங்களுக்கு முன்னால் ஒரு பத்திரப் பதிவு நடக்கிறது. பராமரிப்போம் என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழியே மீட்க இடமளிக்கிறது. அந்த நிபந்தனையையும், உயிருள்ளவரை அங்கே வசிக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லும் பெற்றோரைப் 'பிள்ளைகளை நம்பாதவர்' என்று ஏசாதிருப்போம். சட்டம் வீட்டைத்தான் மீட்டுத் தரும். மதில்மேல் குழம்புக் கிண்ணம் நீட்டிய அண்டை வீட்டாரை அது எப்படி மீட்கும்?

பங்குகளாகிய நாமும் தப்ப முடியாது. புது வீட்டை மந்திரிக்கிறோம்; விருந்துண்டு திரும்புகிறோம். நற்கருணை வாங்க ஆலயம் வர இயலாதோர் பட்டியலில் பழைய பங்கு அந்தப் பெயரை அடித்துவிடுகிறது. புதிய பங்குக்கோ அப்படியொருவர் வந்ததே தெரியாது. மூலகுளத்திலிருந்து ரெட்டியார்பாளையத்துக்கு வந்த மூதாட்டியின் வீட்டுக் கதவை முதல் வாரத்திலேயே தட்ட ஓர் அன்பியத்தால் இயலாதா? திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் ஜூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. ஆலயத்துக்கு வர முடிந்த முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வர முடியாதவருக்கு?

வேளாங்கண்ணி போய் வந்த அந்தத் தாய் இப்போது வீட்டைப் பற்றிக் கேட்பதில்லையாம். வேறொன்றைக் கேட்கிறாராம்: "நான் செத்தால் எங்கே வைப்பீர்கள்?" அவர் கணவர் பழைய பங்கின் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி கொளுத்த ஒருவராகவே அவர் அங்கே நடந்துபோனது இனி இயலாது. அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று பிள்ளைகள் வாயடைத்துவிடுகிறார்கள்.

யாக்கோபும் இதையே கேட்டார். எகிப்தில் 17 ஆண்டுகள் நல்லபடி வாழ்ந்த பிறகும், தன்னை அங்கே புதைக்கலாகாது, மூதாதையரோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று மகனை அழைத்துச் சொன்னார். யோசேப்பு அவர் வாயை அடைக்கவில்லை. அவர் கேட்டபடியே ஆணையிட்டுக் கொடுத்தார்.