குடும்பத்தைக் கெடுப்பது விவாக விடுதலையா?

விவாக விடுதலை என்ற பேச்சை எடுத்த உடனேயே நமது வைதிகர்களுக்கும், வைதிகத்தை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அதன் வாலை மாத்திரம் விடாமல் பிடித்துக் கொண்டிருக்கும் படித்த கனவான்களுக்கும் ஒரே மாதிரியான நடுக்கம் ஏற்பட்டு விடுகின்றது. குடும்பம் பாழாய்ப் போகும், குழந்தைகள் தெருவில் நிற்கும், மேல் நாட்டாரின் கதியைப் பார் என்பதாகக் கூக்குரல் போடுகின்றார்கள். இவர்கள் நமது தேசத்தின் பெருமைக்குக் காட்டும் பெரிய அத்தாட்சி என்னவென்றால், உலகத்திலேயே விவாக விடுதலை மிகக் குறைவாய் நடக்கும் தேசங்களில் இந்தியாவும் ஒன்று என்பதேயாகும். குறைவு என்பது வாஸ்தவந்தான். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைவு எதைக் காட்டுகின்றது என்பதுதான் கேள்வி. ஒரு ஜெயிலை விட்டு யாரும் வெளியே போகவில்லை என்பதைக் கொண்டு, உள்ளே இருப்பவர்களெல்லாம் சௌக்கியமாய் இருக்கின்றார்கள் என்று முடிவு கட்டலாமா?

2011-ம் வருஷத்து ஜனக் கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். விவாக விடுதலை பெற்றவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் இந்தியா முழுவதிலும் சுமார் 13½ லட்சம் பேர்தான். ஆனால் விடுதலை பெறாமலே, புருஷன் ஒரு பக்கமும் பெண்சாதி ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றவர்கள் என்று அதே கணக்கில் தனியாகப் போட்டிருக்கும் கூட்டம் சுமார் 35 லட்சம். அதாவது சட்டப்படி விடுபட்டவர் ஒருவர் என்றால், விடுபடாமலே அறுந்து தொங்குகின்றவர்கள் இரண்டரைப் பேர் ஆகின்றார்கள். அன்றியும், இந்த இரண்டு கூட்டத்திலும் பெண்கள் தொகை ஆண்கள் தொகையைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. பிரிவதென்றால் ஆண் ஒன்று, பெண் ஒன்று இருந்துதானே தீர வேண்டும்? அப்படியிருக்க பாதி ஆண்கள் எங்கே போனார்கள்? அவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் மாலை மாற்றிக்கொண்டு, "கலியாணமானவர்" என்ற கலத்தில் ஏறி உட்கார்ந்து கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு சமாதானம் நமக்குத் தோன்றவில்லை.

உட்கார இடமில்லாமல் போன பெண்ணுக்கு நமது அருமைத் தமிழில் ஒரு பெயர் உண்டு. வாழாவெட்டி என்பது அது. புருஷன் அடித்து விரட்டினாலும் அவள் வாழாவெட்டிதான். அவன் வேறொருத்தியோடு போய்விட்டாலும் இவள்தான் வாழாவெட்டி. அடி பொறுக்காமல் தானாகவே மானத்தோடு வெளியேறி வந்தாலும் அப்பொழுதும் வாழாவெட்டிதான். இச்சொல்லுக்கு ஆண்பால் என்ன என்று எந்தப் பண்டிதராவது அகராதியைப் பார்த்துச் சொல்லட்டும் என்றே கேட்கின்றோம். அவள் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் தகப்பன் இருக்கும்வரை ஒரு மூலை கிடைக்கும். தகப்பன் போன பிறகு தமையன் வீட்டுச் சமையற்காரி. தமையன் மனைவிக்குச் சம்பளமில்லாத ஆள். சுப காரியங்களில் முன்னால் வரக்கூடாது. அவளுக்குத் தங்கை இருந்தால் அத்தங்கையின் கலியாணத்துக்கும் இவள்தான் முட்டுக்கட்டை என்று ஏச்சு. மறுமணம் செய்து கொள்ளலாமென்றாலோ, முதல் கலியாணம் சட்டப்படி உயிரோடு இருக்கின்றது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு "எங்கள் குடும்பத்தில் விவாகரத்து என்பதே கிடையாது" என்று அந்தத் தமையனே ஊராரிடம் மார்தட்டிக் கொள்ளுவான். குடும்பத்தைக் காப்பாற்றுகின்றோம் என்பவர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பம் இதுதான்.

இனி, பிரியாமல் கூடவே இருப்பவர்கள் நிலைமையைப் பார்ப்போம். 2019-21ல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையுள்ள கலியாணமான பெண்களைக் கேட்டதில், இந்தியா முழுவதிலும் 100-க்கு 29 பேர் புருஷனிடம் அடியோ பலாத்காரமோ பட்டவர்கள் என்று தெரிய வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 100-க்கு 38 பேர். கற்புக்குக் கடற்கரையில் சிலை வைத்திருக்கும் நாட்டின் லட்சணம் இது!

நிற்க, கலியாண பந்தம் தெய்வீகமானது, பிரிக்க முடியாதது என்கின்றார்களே, இது யாருக்குப் பிரிக்க முடியாதது? விற்றாலும் கைவிட்டாலும் மனைவி புருஷனிடமிருந்து விடுபட்டவளாக மாட்டாள் என்று சொல்லும் அதே மனுதர்மம், பிள்ளை பெறாதவளை 8-ம் வருஷத்திலும், பிள்ளைகள் இறந்துபோனவளை 10-ம் வருஷத்திலும், பெண்ணாகவே பெறுகின்றவளை 11-ம் வருஷத்திலும் தள்ளிவைத்து வேறொருத்தியைக் கொள்ளலாம் என்றும், எதிர்த்துப் பேசுகின்றவளுக்கு ஒருநாள் கூடத் தவணை வேண்டாம் என்றும் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கின்றது. ஆகவே பிரிக்க முடியாத பந்தம் என்பது கழுத்தில் கயிறு உள்ளவளுக்குத்தானே ஒழிய, கயிற்றின் நுனியைக் கையில் வைத்திருப்பவனுக்கு அல்ல. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கௌடில்யன் பேரால் வழங்கும் அர்த்த சாஸ்திரத்தில், புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுத்தால் பிரிந்து விடலாம் என்பதற்கு இடமிருக்கின்றது. அந்தப் பிரிவுக்கு அதில் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? "மோக்ஷம்" என்பதாகும்! ஆனால் உயர்ந்தவை என்று சாஸ்திரம் மெச்சிய நான்கு வகைக் கலியாணங்களுக்கு மாத்திரம் இந்த மோக்ஷம் கிடையாதாம். உயர்ந்த கலியாணம் செய்து கொண்ட பெண்ணின் யோக்கியதை அப்படி!

சாஸ்திரம் எட்டாத ஜாதியார்களோ தங்களுக்கென்று நியாயமான வழக்கம் வைத்திருந்தார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பஞ்சாயத்தில் பத்துப் பேர் முன்னிலையில் தாலியைக் கழற்றிக் கொடுத்து, பரிசப் பணத்துக்குக் கணக்குத் தீர்த்து, அவரவர் வழியே போய் வேறு கலியாணம் செய்து கொள்ளுவார்கள். இதையே "அறுத்துக் கட்டுகிற ஜாதி" என்று மேல் ஜாதியார் இழிவாகப் பேசினார்கள். அந்த இழிச் சொல்லுக்குப் பயந்து, கையில் நாலு காசு சேர்ந்த உடனே அவ்வழக்கத்தை விட்டுவிட்டு, "எங்களுக்கும் அதெல்லாம் கிடையாது" என்று பெருமை பேச ஆரம்பித்த ஜாதிகள் எத்தனை! தம்மிடமிருந்த நல்லதைத் தொலைத்துப் பிறரிடமிருந்த கெட்டதை விலை கொடுத்து வாங்கியதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டம்கூட இந்த வழக்க விடுதலையை ஒழிக்காமல் செல்லும் என்றே விட்டு வைத்திருக்கின்றது.

அந்தச் சட்டத்தின் கதையும் அறியத் தக்கதேயாகும். 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, கணவன் மனைவி இருவருக்கும் விலகிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றும், பெண்களுக்குச் சொத்தில் சம பாகம் வேண்டும் என்றும் தீர்மானம் செய்தபோது, பைத்தியக்காரர்கள் என்று சிரித்தார்கள். 1949ல் சென்னை மாகாணத்தில் சட்டமாகவே வந்தது. இந்தியா முழுமைக்கும் கொண்டுவர முயன்ற தோழர் அம்பேத்கர் பட்ட பாட்டையும், இந்து சட்ட மசோதா முடங்கிப்போன மனக்கசப்பில் அவர் 1951ல் மந்திரி பதவியையே விட்டு வெளியேறியதையும் நேயர்கள் அறிவார்கள். பிறகு 1955ல் வந்த சட்டத்தில், புருஷனுடைய கொடுமை என்பது பிரிந்து வாழ உத்தரவு வாங்க மாத்திரம் போதுமே தவிர, நேரே விடுதலை பெறப் போதாது என்று இருந்தது. அடிபட்டவள் முதலில் பிரிந்திருக்க உத்தரவு வாங்கி, இரண்டு வருஷம் காத்திருந்து, மறுபடியும் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். கொடுமையே விடுதலைக்குப் போதுமான காரணம் என்று ஆனதும், இருவரும் சம்மதித்தால் விலகலாம் என்று ஆனதும் 1976ல்தான்.

இவ்விஷயத்தில் மற்ற மதக்காரர்களும் சந்தோஷப்பட்டுக்கொள்ள இடமில்லை. 1869-ம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாக விடுதலைச் சட்டப்படி, புருஷனுக்கு மனைவியின் சோரம் ஒன்றை ரூபித்தால் போதும். மனைவிக்கோ புருஷனுடைய சோரம் மாத்திரம் போதாது, அத்துடன் கொடுமையோ கைவிடுதலோ வேறொன்றும் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒருதலைப்பட்சம் ஒழிந்தது 2001ல். முஸ்லீம் பெண்களுக்கு 1939லேயே கோர்ட்டில் விடுதலை கேட்கச் சட்டம் உண்டானாலும், ஷா பானு என்ற மூதாட்டி ஜீவனாம்சம் கேட்டதற்கு மாஜிஸ்திரேட் கட்டளையிட்ட தொகை மாதம் 25 ரூபாய். ஹைக்கோர்ட்டு உயர்த்திய தொகை 179 ரூபாய் 20 பைசா. 1985ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்ததற்கு மதமே முழுகிப் போய்விட்டதாகக் கூச்சல் போட்டு, மறு வருஷமே அதற்கெதிராக வேறு சட்டம் செய்ய வைத்தார்கள். எந்த மதத்துச் சாமிக்கும் பெண்ணின் சோற்றுக் கணக்கில்தான் இவ்வளவு கண்!

இனி குழந்தைகள் விஷயம். பெற்றோர் பிரிவதால் குழந்தைகளுக்குக் கஷ்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கஷ்டம் உண்டு. பள்ளிக்கூடம் மாறும், வரும்படி குறையும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழந்தை அல்லாடும். ஆனால் எதிர்க்கட்சியார் இதைச் சந்தோஷமான வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுகின்றார்கள். தினம் தகப்பன் கை ஓங்குவதையும் தாய் மூலையில் சுருண்டு கிடப்பதையும் பார்த்து வளருகின்ற குழந்தையோடல்லவா ஒப்பிட வேண்டும்? மேலும் இக்கஷ்டத்தில் பெரும் பங்கு பிரிவதனால் வருவதல்ல. பிரிய விடாமல் இழுத்தடிப்பதனால் வருவதேயாகும். ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவர் குற்றத்தை ரூபித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கின்றது. ஆகவே சேர்ந்து வாழ முடியவில்லை என்ற ஒரு வரியில் முடிய வேண்டிய காரியத்துக்கு, இவன் அவளைச் சோரம் போனவள் என்றும், அவள் இவனைக் குடிகாரன் என்றும், இரண்டு வக்கீல்களை வைத்துப் பக்கம் பக்கமாய் எழுதிக் கொள்ளுகின்றார்கள். சேறு முழுவதும் குழந்தைகள் தலையில் விழுகின்றது. இதில் யோக்கியமான ஆண்களும் அகப்பட்டுக்கொண்டு திண்டாடுகின்றார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. திருத்தமுடியாதபடி முறிந்துபோன கலியாணத்தைக் குற்றம் ரூபிக்காமலே ரத்துச் செய்யலாம் என்று சட்டக் கமிஷன் 1978லேயே சொல்லிவிட்டது. 2013ல் ராஜ்ய சபை வரையில் நிறைவேறிய மசோதா, மறு வருஷம் பார்லிமெண்டு கலைந்ததோடு செத்துப் போயிற்று. 2023ல் சுப்ரீம் கோர்ட்டு தனக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்புச் சொன்னது; ஆனால் ஜில்லாக் குடும்பக் கோர்ட்டுக்கு இல்லை. டில்லி வரை போக வசதி உள்ளவனுக்குத்தான் மோக்ஷம்!

இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல், கலியாணம் முறிந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று செய்துவிட்டார்கள். இன்னும் பழைய சங்கதி ஒன்று அயர்லாந்தினுடையது. அங்கு 1937-ம் வருஷத்து அரசியல் சட்டமே விவாக விடுதலையைத் தடை செய்து வைத்திருந்தது. பாதிரிமார்களும் பயங்காட்டினார்கள். 1995ல் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டதில், சுமார் 9 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில், மயிரிழையில் தடை நீங்கிற்று. குடும்பங்கள் கூட்டங்கூட்டமாய் உடைந்தனவா என்றால் இல்லை. ஐரோப்பாவில் விவாக விடுதலை குறைந்த தேசங்களில் ஒன்றாகவே அது இருந்து வருகின்றது. 2019ல் இன்னும் தளர்த்தலாமா என்று கேட்டபோது 100-க்கு 82 பேர் ஆம் என்றார்கள். அமெரிக்காவில் மாகாணம் மாகாணமாய், ஒருவர் விரும்பினாலே விலகலாம் என்று சட்டம் மாறி வந்ததை ஸ்டீவன்சன், வுல்பர்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். சட்டம் மாறிய மாகாணங்களில் பெண்களின் தற்கொலை 100-க்கு 8 முதல் 16 வரையிலும், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி 100-க்கு 30 போலவும் குறைந்ததாக அவர்கள் கணக்கு. இதில் கவனிக்க வேண்டியது, எல்லோரும் விடுதலை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை என்பதாகும். கதவு திறந்திருக்கின்றது என்று தெரிந்தவுடன், வீட்டுக்குள் இருந்தவனுடைய கை தானே இறங்கிற்று.

ஆனால் வெறுங்கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? வெளியே வந்தவள் எங்கே போய்த் தங்குவாள், எதைச் சாப்பிடுவாள்? குற்ற நடைமுறைச் சட்டப்படி ஜீவனாம்சம் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்ற வரம்பு 2001 வரையில் இருந்தது. இன்று வரம்பு இல்லை. ஆனால் உத்தரவு வாங்குவது ஒரு வேலை, வாங்கின உத்தரவைப் பணமாக்குவது அதைவிடப் பெரிய வேலை. இருபது வருஷம் அவள் உழைத்த வீட்டில், பிரியும்போது ஒரு செங்கல்லும் பாத்தியதையாய் அவளுக்குக் கிடையாது. கோவாவில், போர்த்துகீசியர் வைத்துவிட்டுப் போன சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்து கொள்ளாவிட்டால் தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொதுச் சொத்து. பிரிந்தால் ஆளுக்குப் பாதி. அங்கே ஆகக்கூடியது இங்கே ஏன் ஆகக்கூடாது என்று நமது பார்லிமெண்டு அங்கத்தினர்களை யாரும் கேட்பதில்லை.

தாய் வீட்டுச் சொத்திலாவது பங்கு உண்டா என்றால், தமிழ்நாட்டில் 1989லும், இந்தியா முழுமைக்கும் 2005லும் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குச் சமமான பாகம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் நடப்பது என்ன? தகப்பன் காலமான பிறகு தமையன் ஒரு காரை வைத்துக்கொண்டு தங்கையின் ஊருக்குப் போய், பழமும் புடவையும் கொடுத்து, அவளை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு வந்து ஒரு கையெழுத்து வாங்கிக் கொள்ளுகின்றான். கையெழுத்துப் போடாவிட்டால் தாய் வீட்டு உறவு அற்றுப் போகும் என்று தாயாரே அழுகின்றாள். நாளைக்குப் புருஷன் வீட்டில் வாழ முடியாமல் இந்த வீட்டுத் திண்ணைக்கு வரும்போது, இன்றைக்கு எழுதிக் கொடுத்த அந்தப் பாகம்தான் தனக்கு அரிசியாகும் என்பது அவளுக்கு அப்போது தெரிகின்றதில்லை. கலியாணத்திலிருந்து பெண்ணுக்கு விடுதலை என்றால் நாடே நடுங்குகின்றது. அவள் சொத்திலிருந்து அவளை விலக்கும் அந்தக் காகிதத்துக்கு மாத்திரம் சர்க்காரே வைத்திருக்கும் பெயர், விடுதலைப் பத்திரம்!