பின்னாடி உட்கார்றவங்களுக்கும் தலை இருக்கு!

தோழர்களே, உங்க பைக்ல எத்தனை ஹெல்மெட் இருக்கு?

கூட்டம் முடிஞ்சதும் "அண்ணா, பஸ் ஸ்டாண்ட்ல விட்டுடுங்க"ன்னு ஒரு தம்பி ஏறுவான். "ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு கிளம்பிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன மாசம் இருட்டுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் தெரியலை. ரெண்டு பேரும் விழுந்தோம். ஹெல்மெட் போட்டிருந்த எனக்கு ஒண்ணும் ஆகலை. அவனுக்கு நெத்தியில ஆறு தையல்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129 சொல்றது இதுதான்: 4 வயதுக்கு மேற்பட்டவர் பின்னால் அமர்ந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். ஆனா காசு பெருசில்லை. ஓட்டுறவருக்குப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், பிடிச்சுக்க ஹேண்டில்பார் இருக்கு. பின்னாடி இருக்கவருக்கு ரெண்டுமே இல்லை. புடவையில ஒருபக்கமா உட்கார்ந்து வர்ற நம்ம அம்மாக்களை நினைச்சுப் பாருங்க.

"இன்னொண்ணை எங்க வைக்கிறது?" சீட்டுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க. ஏறினதும் தாடைப் பட்டையை நீங்களே மாட்டி விடுங்க.

கொடி கட்டின வண்டியில இன்னொரு ஹெல்மெட்டும் தொங்கட்டும். நம்மை நம்பி ஏறினவங்களைப் பத்திரமா இறக்கி விடுறதும் மக்கள் பணிதான்.

#இன்னொரு_ஹெல்மெட்