மூடுபனியைச் சபிக்காதீர்கள்

இலங்கையின் மலைநாட்டில் 'உலக முடிவு' என்றோர் இடம் உண்டு எனப் பள்ளிப் பருவத்தில் அறிந்த நாள்முதல் அதை நேரிற் காணவேண்டும் என்ற அவா எனக்கு இருந்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் போவது எளிதான காரியமன்று. சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையைக் காட்டிப் பயணத்தின் நோக்கத்தையும் சொல்லவேண்டியிருந்த நாட்களில், "மலையின் விளிம்பைப் பார்க்கப் போகிறேன்" என்ற பதிலை எவர் நம்பியிருப்பார்? 2009இல் போர் முடிந்தபின் தொழிலும் குடும்பமும் காலத்தை விழுங்கின. தலை முழுவதும் நரைத்த பின்னரே அந்த நடைபாதையில் கால் பதிக்க வாய்த்தது.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கிறது ஹோர்ட்டன் சமவெளி. சிங்கள மக்கள் அதனை 'மஹ எலிய' என்பர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் அதற்குச் சூட்டினர். 1988இல் தேசியப் பூங்காவாகிய இச்சமவெளி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுமார் ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதை, புல்வெளியில் மேயும் மரைகள், பேக்கர் நீர்வீழ்ச்சி. இவற்றுக்கு நடுவே, நிலம் திடீரென அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு இறங்கும் அந்த விளிம்பு.

அங்கு செல்வோர் அனைவருக்கும் ஒரே அவசரம். பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும் என்பது எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை. நான் விளிம்பை அடைந்தபோது கால்மணி நேரம் காட்சி தெளிவாகத் தெரிந்தது. நேர் கீழே தேயிலைத் தோட்டம், அதன் லயன் வரிசைகள், தொலைவில் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் வெள்ளிக்கீற்று. பின்னர் பனி எழுந்து அனைத்தையும் மூடியது. அவ்வேளை மூச்சிரைக்க வந்து சேர்ந்த இளைஞர் கூட்டமொன்று, வந்த காசும் நேரமும் வீணாயிற்று என்று பனியைத் திட்டித் தீர்த்தது.

அந்த இளைஞர்களிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அவர்கள் திட்டிய பனியே அம்மலையின் உண்மையான அதிசயம். பள்ளத்தாக்கில் வெப்பமுற்ற ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறிக் குளிர்ந்து முகிலாகிறது. அம்முகிலை முகில்காட்டின் குட்டை மரங்களும் அவற்றைப் போர்த்திய பாசியும் பிடித்து, துளித்துளியாக மண்ணுக்கு வழங்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளியிலிருந்து நீர் செல்கிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி களனியாற்று நீரே. மகாவலி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இந்நாட்டவர் வயலும் வாயும் நனைவது இப்பனியாலுந்தான்.

இக்காடு எஞ்சியிருப்பதே ஒரு தற்செயல் என்பேன். மலைச்சரிவுகளைக் கோப்பிக்கும் தேயிலைக்குமாக ஆங்கிலேயர் மொட்டையடித்த காலத்தில், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது 1873இல் தடுக்கப்பட்டது. அந்த உயரத்துக்குக் கீழே காடு போயிற்று. தோட்டமும் லயனும் வந்தன. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கின்றனர். மேலிருந்து படம் எடுக்கும் நம் கண்ணுக்கு அவர்களுடைய வீடுகள் காட்சியின் ஓர் அலங்காரமாக மட்டும் தெரிவது நியாயமன்று.

எஞ்சிய காட்டிலும் இப்போது மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் நிலை, காற்று மாசு எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஒன்றே காரணம் என எவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. காரணம் எதுவாயினும், மரம் குறைந்தால் முகிலைப் பிடிக்கும் கை குறையும் என்பது மட்டும் தெளிவு.

வாயிலிலே பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றும் வழக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும் அது போதாது. உலக முடிவை ஒரு காட்சிமுனையாக விளம்பரப்படுத்துவதைவிட, ஒரு நீரூற்றாக நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவதே இன்றைய தேவை என எண்ணுகிறேன். வடக்கிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வரும் நம்மவர்கள், தங்கள் பிள்ளைகளை அங்கே தாராளமாக அழைத்துச் செல்லட்டும். பனி மூடிவிட்டால் திரும்பிவிடாமல், மரத்தடியில் சற்று நின்று இலையிலிருந்து நீர் சொட்டும் ஓசையைக் கேட்கச் செய்யட்டும். உலகம் முடிவதாக வெள்ளையர் பெயரிட்ட இடத்தில் ஆறுகள் பிறப்பதை அப்பிள்ளைகள் தாமே அறிந்துகொள்வர்.