டயட்டீஷியன் படிப்பு: அப்ளிகேஷன் போடும் முன்...

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரு மாநாடு நடக்கும். நீட் கைவிட்டுப் போயிருக்கும். நர்சிங்குக்கு அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். இன்ஜினியரிங் வேண்டவே வேண்டாம் என்று பொண்ணு சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ எடுத்துக் கொடுப்பார்கள்: "நியூட்ரிஷன் போடேன். மூணே வருஷம். ஆஸ்பத்திரில டயட்டீஷியன் வேலை. நைட் டூட்டி கிடையாது." மாநாடு முடிந்தது. மறுநாள் அப்ளிகேஷன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

சித்தி சொன்னதில் பாதி சரி. வில்லங்கம் எல்லாம் அந்த "மூணே வருஷம்" என்பதில்தான் இருக்கிறது.

பி.காம். முடித்த ஒருவரை யாரும் ஆடிட்டர் என்று கூப்பிடுவதில்லை. அதற்கு சி.ஏ. என்று தனியாக ஒரு மலை ஏற வேண்டும் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். டயட்டீஷியன் விஷயமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது யாருக்கும் தெரிவதில்லை. பி.எஸ்ஸி. நியூட்ரிஷன் என்பது முதல் படி மட்டுமே. இந்தியாவில் இந்தத் துறையில் மதிப்புள்ள அடையாளம் 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்', சுருக்கமாக ஆர்.டி. 1963-ல் தொடங்கிய இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் அதற்கான தேர்வை நடத்துகிறது. பட்டத்துக்கு மேல் முதுகலைக் கல்வி, அப்புறம் மருத்துவமனையில் மாதக்கணக்கில் பயிற்சி, அதற்கும் அப்புறம்தான் அந்தத் தேர்வு. கூட்டிப் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். பயிற்சிக் காலத்தில் பல இடங்களில் சம்பளம் கிடையாது. சில மருத்துவமனைகளில் கையிலிருந்து கட்டணம் வேறு கட்ட வேண்டும்.

சாப்பாட்டுச் சமாச்சாரத்துக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டே இரண்டு உதாரணம்.

ஒன்று, இளநீர். உடம்புக்கு நல்லது, குளிர்ச்சி, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது ஊரறிந்த ஞானம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர் உடம்பால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் காய்கறியைக்கூடச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்கிறார்கள்.

இரண்டு, கீரை. செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டு வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கட்டுக் கட்டாகக் கீரை சாப்பிட ஆரம்பித்தால், அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். அதற்காக ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து. இப்போது மாத்திரையின் வேலை கூடிப்போய் ரத்தக்கசிவு வரலாம். ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

உணவே மருந்து என்று பெருமையாகச் சொல்கிறோம். மருந்து என்றால் அதற்கு அளவும் உண்டு, பக்க விளைவும் உண்டுதானே? உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் பாடத்தில் இருப்பது அதற்காகத்தான். "சமையல் படிப்பு" என்று நினைத்துச் சேர்கிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே முழி பிதுங்குவதும் அதனால்தான்.

வெளிநாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் ஆர்.டி. தேர்வே எழுத முடியாது. இங்கே சி.ஏ. அல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1949-லேயே சட்டம் வந்துவிட்டது. உணவு ஆலோசனைக்கோ, ஆன்லைனில் நாலு வாரச் சான்றிதழ் வாங்கியவரும் போர்டு மாட்டலாம், ஜிம் மாஸ்டரும் டயட் சார்ட் எழுதிக் கொடுக்கலாம் என்ற நிலைதான் பல காலம் இருந்தது.

2021-ல் தேசிய துணை மருத்துவம் மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்தது. டயட்டீஷியனும் அதன் பட்டியலில் உண்டு. பதிவேடு, ஒரே மாதிரியான பாடத்திட்டம் என்று நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. சட்டம் வந்த வேகத்தில் நடைமுறை வரவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. "வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் எம்.எஸ்ஸி. முடித்துவிடலாம்" என்று கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

இதையெல்லாம் அப்ளிகேஷன் விற்கும்போதே யார் சொல்ல வேண்டும்? கல்லூரிதான். ஆனால் கல்லூரிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? அட்டையில் ஒரு ஆப்பிள், அதைச் சுற்றி ஒரு ஸ்டெதாஸ்கோப். உள்ளே "மருத்துவமனை, விளையாட்டுத் துறை, உணவுத் தொழிற்சாலை எங்கும் வேலை" என்று ஒரு வரி. எத்தனை வருஷம் கழித்து, என்னென்ன படித்த பிறகு என்று ஒரு வார்த்தை கிடையாது.

உண்மையைச் சொன்னால் சீட்டு நிரம்பாது என்பார்கள். சி.ஏ. தேர்வில் பெரும்பாலானவர்கள் தோற்பார்கள் என்று உலகத்துக்கே தெரியும். அதற்குக் கூட்டம் குறைந்தா போய்விட்டது?

இதில் அதிகம் அடிபடுவது பெண்பிள்ளைகள்தான். இந்தப் பாடம் தமிழ்நாட்டில் வளர்ந்ததே பெரும்பாலும் மகளிர் கல்லூரிகளின் மனையியல் துறைகளில். கோவை அவினாசிலிங்கம் மாதிரி இடங்கள் அதை ஆராய்ச்சி வரை கொண்டுபோயின. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பின்னாளில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அப்படிப்பட்ட துறைக்கு "கல்யாணத்துக்கு அப்புறமும் உதவும்" என்ற முத்திரை மட்டும் இன்னும் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கிய அப்பா, இருபது வயதில் "இன்னும் ரெண்டு வருஷம்" என்று மகள் வந்து நின்றால் என்ன சொல்வார்? அப்போது வீட்டில் ஜாதகம் கையில் எடுத்திருப்பார்கள். படிப்பு பாதிப் படியில் நின்றுவிடும். கையில் பட்டம் இருக்கும், டயட்டீஷியன் என்ற பெயர் இருக்காது.

முதல் நாளே ஐந்தரை வருஷக் கணக்கு தெரிந்திருந்தால் அதே குடும்பம் வேறு மாதிரி திட்டம் போட்டிருக்கும். பி.எஸ்ஸி.க்குக் கட்டணம் குறைந்த கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு, மிச்சப் பணத்தை எம்.எஸ்ஸி.க்கும் பயிற்சிக்கும் வைத்திருக்கலாம். மொத்தச் செலவு தெரியாமல் முதலீடு செய்யாதே என்பது காமர்ஸில் முதல் பாடம். வேறு குரூப் எடுத்தவர்களுக்கும் அது பொருந்தும் :-)

ஆக, அப்ளிகேஷன் போடுவதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை:

1. பிளஸ் டூவில் எந்த குரூப் வேண்டும்? (பெரும்பாலும் அறிவியல் குரூப். சில இடங்களில் மனையியலும் ஏற்பார்கள்.)
2. 2021 சட்டத்தின்படியான பாடத்திட்டமா?
3. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே முழுநேர டயட்டீஷியன் இருக்கிறாரா?
4. போன பேட்ச்சில் எத்தனை பேர் எம்.எஸ்ஸி. போனார்கள், எத்தனை பேர் ஆர்.டி. ஆனார்கள்?

நாலாவது கேள்விக்கு அலுவலகத்தில் முழித்தால் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுவது நல்லது.

படிப்பு நல்ல படிப்பு நண்பர்களே. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத வீடு அபூர்வமாகிவிட்ட ஊரில் இந்த வேலைக்கு ஆள் தேவை. யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மூன்று வருஷம் என்று நினைத்துப் போகாதீர்கள், அவ்வளவுதான்.